நாலு முழமும் ஒரு சாணும்

ஜெருசலேமின் மஹானே யெஹூதா சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்த நாஹூம், ஐம்பது வயது தாண்டும்வரை எவரையும் அண்ணாந்து பார்த்ததில்லை. பொறாமை பெரும்பாலும் அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வருகிற நோய். அதனால் அது அவரை அண்டாமலே இருந்தது.

அவர் பிறந்தது வடக்கே குர்து மலைநாட்டில், ஸாக்கோ என்ற ஆற்றங்கரை ஊரில். அங்கே யூதர்கள் காட்டுமரங்களைப் பிணைத்து ஆற்றில் மிதக்கவிட்டு, அதன்மேலேயே நின்று ஓட்டிக்கொண்டு போய் விற்பார்கள். மீசை அரும்புவதற்குள் நாஹூம் அப்பாவைத் தாண்டிவிட்டார். கல்யாண வயதில் வீட்டு நிலைகளையெல்லாம் தாண்டிவிட்டார். ஜெருசலேமுக்கு வந்து இறங்கியபோது, முதுகில் திண்டும் தோளில் கயிறுமாக நின்ற சந்தைச் சுமைக்காரர்கள் அவர் மார்புக்குத்தான் வந்தார்கள். அவர்களும் முக்கால்வாசிப் பேர் குர்து நாட்டு ஆட்கள்தான். சோப்ளாங்கிகள் இல்லை. இருந்தாலும் இரும்பு அலமாரியை ஒற்றை ஆளாக மாடிக்கு ஏற்ற வேண்டுமென்றால் நாஹூமைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் அவருடைய பெருமை அலமாரியில் இல்லை, யூதர்கள் வேடம் கட்டிக் குடித்துக் கொண்டாடுகிற பூரிம் பண்டிகையில் இருந்தது.

பூரிம் அன்று பகலில் தொழுகைக்கூடத்து முற்றத்தில் அந்தத் தெருக்காரர்கள் கூத்துக் கட்டுவார்கள். பெலிஸ்தியர் படையிலிருந்து வந்து நின்று நாற்பது நாள் சவால்விட்ட ராட்சச வீரனை, ஆட்டிடையன் ஒருவன் கவண்கல்லால் நெற்றியில் அடித்துச் சாய்த்த வேதக் கதை. பெலிஸ்தியன் எப்போதும் நாஹூம்தான். ஆட்டிடையன் வேடம் முடிதிருத்துகிற பின்ஹாஸுக்கு. பின்ஹாஸ் நாஹூமின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவார். ஊரிலேயே நல்ல குரல். நரைத்த தாடியோடு அவர் ஆட்டிடையனாக வந்து, "யாருடா நீ, வேலிக்கு மேல எட்டிப் பாக்குற கழுதை?" என்று கேட்டாலே பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாகும். நாஹூம் உறுமுவார். கல் வந்து விழும். மாமரம் சாய்வதுபோல மெதுவாக, மிக மெதுவாகச் சாய்வார். மறுநாள் சந்தையில் குழந்தைகள், "பெலிஸ்தி! பெலிஸ்தி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடும். அதட்டுவார். அவை ஓடாத நாளில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

கூர்ஜி அந்தத் தெருவுக்கு மாப்பிள்ளையாக வந்தான். ரொட்டிக்கடைக்காரர் மகள் நாஸேயைக் கட்டியவன், கல் குவாரியில் வேலை. கல்யாணத்தன்று நாஹூம் வாசலில் நின்று மேளக்காரர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எதிரே வந்து நின்றான். வாழ்த்துச் சொல்வதற்காக நாஹூம் அவன் முகத்தைத் தேடினார். இருக்க வேண்டிய இடத்தில் சட்டைப் பொத்தான்தான் இருந்தது. முகம் அதற்கு மேலே இருந்தது.

அன்றைக்கு முழுக்க நாஹூம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மனைவி ஆஸ்மார் கவனித்துவிட்டாள்.

"என்னங்க, கழுத்து பிடிச்சிக்கிச்சா?"

"இல்லியே. ஏன்?"

"இல்ல, புதுசா ஒரு வேலை குடுத்திருக்கீங்களே அதுக்கு. அதான் கேட்டேன்."

அதன் பிறகு சந்தையில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிற்று. காய்க்கடைக்காரர்களுக்கு மழை வந்தால் தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்ட வேண்டும். முன்பெல்லாம், "நாஹூம், ஒரு கை குடு" என்பார்கள். அவரும், "என்னைய என்ன ஏணின்னு நெனச்சீங்களா?" என்று அலுத்துக்கொண்டே கட்டிக் கொடுப்பார். இப்போது கூர்ஜி குவாரியிலிருந்து திரும்புகிற நேரம் பார்த்து அவனைக் கூப்பிட்டார்கள். அவன் குதிகால் தூக்காமலே கட்டினான். காசு பெயராத வேலை. அது போனதற்கு மனசு இப்படிக் கிடந்து எரியும் என்று நாஹூம் நினைக்கவில்லை.

கூர்ஜி கெட்டவனாக இருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ எதிரில் பட்டால், "மாமா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்பான். மரியாதைக்காகக் கொஞ்சம் குனிவான். அந்தக் குனிவைத்தான் நாஹூமால் தாங்க முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் அவர் உயரமான ஆட்டுத்தோல் குல்லா ஒன்று வாங்கினார். ஆஸ்மார் சூப்புக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குல்லா வளந்திருக்கு. உள்ள இருக்கிற ஆளு அப்படியேதான் இருக்காரு."

"குளுருக்குத்தான் வாங்கினேன்."

"காதுக்குக் கீழ இறங்கலியே அது. உச்சந்தலைக்கு மட்டுந்தான் குளுருதா?"

பூரிமுக்கு ஒரு மாதம் இருக்கும்போது முகம் மழிக்கப் போன இடத்தில் விஷயம் வெளியே வந்தது. பின்ஹாஸ் நாஹூமின் கன்னம் நிறைய நுரை பூசி, வாய் திறக்க முடியாதபடி செய்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"டேய் நாஹூம், கோவிச்சிக்காத. இந்த வருஷம் பெலிஸ்தியன் கூர்ஜி."

நாஹூம் எழப் பார்த்தார். கத்தி தொண்டையில் இருந்தது.

"அசையாத, அறுத்துக்கும். நெனச்சிப் பாரு, அவன் பக்கத்துல நான் நின்னா எப்படி இருக்கும்! ஜனம் அசந்துடும். அவன் எவ்ளோ உசரமோ அவ்ளோ உசரம் நம்ம ஆட்டிடையனோட பேரு."

நுரையோடேயே நாஹூம் கேட்டார். "இத்தன வருஷமா உங்கிட்ட கல்லடி பட்டு விழுந்தவன் நான். என்னைவிட்டுட்டு அவன்கிட்டப் போறியா?"

"என்னப்பா, பொண்டாட்டிய ஓட்டிட்டுப் போன மாதிரி பேசுற!" பின்ஹாஸ் சிரித்துவிட்டார். பிறகு, சிரித்தது தப்பு என்று தெரிந்து குரலை இறக்கினார். "உனக்கும் வேஷம் இருக்குடா. ராட்சசனுக்கு முன்னால கேடயம் தூக்கிட்டு ஒருத்தன் நடந்தான்னு வேதத்துல இருக்குல்ல? அது நீ."

நாஹூம் பாதி மழித்த முகத்தோடு எழுந்து போய்விட்டார். அந்த வாரம் முழுக்க ஒரு பக்கம் தாடியோடுதான் மூட்டை தூக்கினார். வேறு கடைக்குப் போக மனசு வரவில்லை.

அந்த வாரத்தில்தான் ஹென்னி டீச்சர் வீடு மாற்றினார். ஜெர்மனியிலிருந்து வந்தவர், பள்ளியில் வேதம் நடத்துகிறவர். சாமான் குறைவு, புத்தகப் பெட்டிகள்தான் மலை. கடைசிப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நாஹூம் போகாமல் நின்றார்.

"டீச்சர், ஒரு விஷயம் கேக்கலாமா? அந்தப் பெலிஸ்தியன் நெசமா எவ்ளோ உசரம்?"

டீச்சர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம வேதத்தில ஆறு முழமும் ஒரு சாணும்னு இருக்கு. ஆனா பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில நாலு முழமும் ஒரு சாணும்னுதான் இருக்கு. சாக்கடல் குகையில கிடைச்ச சுருள்லயும் நாலுன்னுதான் படிச்சிருக்காங்க."

"நாலா? நாலுன்னா எவ்ளோ?"

"ஏறக்குறைய…" டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இருக்கிற உயரம்."

நாஹூம் அன்று கூலி வாங்க மறந்துவிட்டார். நேரே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். சுவரோடு ஒட்டி நின்று தலைக்குமேல் கரியால் கோடு போட்டு, தன் முழங்கையை வைத்து அளந்தார். நாலு முழம்கூடத் தேறவில்லை. மறுபடி அளந்தார். அதே கதை. எறும்பும் தன் கையால் எட்டுச் சாண் என்பார்கள். நீளமான ஆளுக்குக் கையும் நீளம், தன் கையால் அளந்தால் எவனும் ராட்சசன் ஆக முடியாது. பதறிப்போய் ஆஸ்மாரைக் கூப்பிட்டார்.

"கைய நீட்டு."

"மாவுக் கைங்க."

"பரவால்ல, நீட்டு."

ஆஸ்மார் முக்காலிமேல் ஏறிக் கரிக்கோட்டுவரை முழம் போட்டாள். சுவரெல்லாம் மாவு. நாலு முழம். அதற்குமேல் சரியாக ஒரு சாண்.

"பாத்தியா!" என்றார் நாஹூம். கண் கலங்கியிருந்தது. "பாத்தியா, நான்தான்டி அவன்!"

"யாரு?"

"பெலிஸ்தியன்!"

"அவன்தான் செத்துட்டானே" என்றாள் ஆஸ்மார், முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டே.

சனிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நிற்கும்போது நாஹூம் அதை அறிவித்தார். கிரேக்கம், குகை, சுருள் எல்லாவற்றையும் ஒப்பித்தார். முடிவாக, "அதனால இந்தக் கூர்ஜி பெலிஸ்தியன் வேஷத்துக்கு ஒரு சாண் அதிகம்" என்றார்.

முற்றம் வெடித்துச் சிரித்தது. கூத்தில்கூட அவர் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. தொழுகை நடத்துகிற பெரியவர் தாடியைத் தடவியபடி, "உனக்கு உசரம் பத்தலன்னா வேதத்தக் கொறைக்கணுமா?" என்றார். பின்ஹாஸ் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. "நாலு முழ ஆளத்தான் எவன் வேணாலும் அடிச்சிருவானே! அதுக்குக் கடவுள் எதுக்கு? ஆட்டிடையன் எதுக்கு? நம்ம ஆஸ்மார் அக்கா பூரிக்கட்டையே போதும்!"

கூர்ஜி மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து நின்றவன், "மாமாவே ஆடட்டும். எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றான்.

சிரித்தவர்களையாவது நாஹூம் மன்னித்திருப்பார். இதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

"எனக்கு நீ பிச்ச போடுறியா? வேணாம்டா. நீயே ஆடு. நான் கேடயம் தூக்குறேன்" என்றார். சொன்னது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பூரிம் அன்று முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. மேளமும் குழலும் ஒரு பக்கம், அராக் சாராயம் ஒரு பக்கம். தெருவிலிருந்து முற்றத்துக்கு நுழைகிற இடத்தில் பழைய கல் வளைவு ஒன்று உண்டு. மற்றவர்கள் நிமிர்ந்தே போவார்கள். நாஹூம் குனிந்து போவார். ஆரம்ப காலத்தில் இரண்டொரு தரம் இடித்துக்கொண்டதோடு உடம்பே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. கூர்ஜிக்கு எண்ணெய் டின்னை வெட்டித் தலைக்கவசம் செய்திருந்தார்கள். முகத்தை மறைக்கிற தகரத்தில் இரண்டு இடுக்கு மட்டும் இருந்ததால், கால் பக்கம்தான் கண் தெரியும். ஆகவே கேடயக்காரன் முன்னால் நடந்து, வளைவு வந்ததும் "குனி" என்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் நாஹூம் ஒழுங்காகச் சொன்னார்.

அன்றும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது முற்றத்தில் இருந்தவர்கள், வளைவுக்கு அப்பால் வருகிற கூர்ஜியைப் பார்த்துவிட்டார்கள். "அம்மாடியோ! என்னா உசரம்!" என்று ஒரு பெண் கத்தினாள். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. நாஹூம் பெலிஸ்தியனாக வந்த எந்த வருஷமும் கூட்டம் எழுந்து நின்றதில்லை. அத்தனை கண்ணும் அவர் தலைக்குமேலே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் குனிந்தார். வளைவைக் கடந்தார். வாய் மூடிக்கொண்டது.

பின்னால் டமார் என்று கேட்டது.

கூர்ஜி அப்படியே உட்கார்ந்து, மல்லாந்தான். தகரம் மடங்கி நெற்றியைக் கிழித்து ரத்தம் வழிந்தது. முற்றத்தின் அந்தக் கோடியில் பின்ஹாஸ் கவணில் கல்லை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். அவர் இன்னும் சுழற்றவே இல்லை. "அடிக்காமலே செத்துட்டாண்டா!" என்று யாரோ கத்த, ஜனம் உருண்டு உருண்டு சிரித்தது. ரத்தத்தைச் சாயம் என்று நினைத்தார்கள். நாஸே மட்டும் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

கூர்ஜி எழுந்து உட்கார்ந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு எழுந்து நின்று, "வாடா, ஆட்டுக்காரப் பயலே! வளைவு அடிச்சி சாகிறதுக்கா நான் பெலிஸ்தியரோட காத் ஊருலேர்ந்து வந்தேன்? நீ அடி!" என்று உறுமினான். பின்ஹாஸ் சட்டென்று சுதாரித்துக் கவணைச் சுழற்றினார். துணியால் செய்த கல் மார்பில் பட்டது. கூர்ஜி சாய்ந்தான். விசில் பறந்தது, மேளம் பிய்ந்தது. அந்தச் சாவைப் பற்றித் தெருவில் பல வருஷம் பேசினார்கள்.

நாஹூம் கையில் கேடயத்தோடு நின்றுகொண்டிருந்தார். மாமரம்போல் சாய்கிற தன்னுடைய சாவு இனி யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கூர்ஜியின் நெற்றியில் ரத்தம் இன்னும் வழிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இது தோன்றியது.

கட்டுப்போட மேட்டுத்தெரு மருந்தகத்துக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. கூர்ஜிக்குத் தலை சுற்றியது, நடக்க முடியவில்லை. அவனைத் தூக்க அந்தத் தெருவில் வேறு முதுகு இல்லை. நாஹூம் கயிற்றுத் திண்டைக் கட்டிக்கொண்டு அவனை ஏற்றிக்கொண்டார். அவன் கால்விரல்கள் தரையில் உரசிக்கொண்டே வந்தன. பாதி ஏற்றத்தில் காதருகே குரல் கேட்டது.

"மாமா. நீங்க குனிஞ்சீங்க. இடுக்கு வழியா உங்க கால் மடங்கினத பாத்தேன். ஏன்னு யோசிக்கிறதுக்குள்ள இடிச்சிட்டேன்."

நாஹூம் மூச்சு வாங்கினார்.

"ஏன் மாமா சொல்லல?"

"மறந்துட்டேன்."

"சரி மாமா."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"மறந்துட்டேன்னு சொன்னேன்ல?" என்றார் நாஹூம், யாரும் எதுவும் கேட்காதபோது.

"நானும் சரின்னுதான் சொன்னேன்."

கூர்ஜி இதை யாரிடமும் சொல்லவில்லை. நாஸேயிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், நாஹூமும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். சந்தையில் எதிரே வரும்போது அவன் நெற்றித் தழும்பு முதலில் தெரியும், பிறகு, "மாமா, நல்லாருக்கீங்களா?" என்ற குரல் கேட்கும். நாஹூம் மீன்கடைச் சந்தில் திரும்பிப் போய்விடுவார். நாற்றம் பிடித்த சந்து. இருந்தும் பல வருஷம் அந்த வழியாகவே நடந்தார்.

கூத்தில் அதன்பிறகு அவர் ஏறவில்லை. ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பூரிமுக்கும் பின்வரிசையில் நின்று, கூர்ஜி உறுமுவது ஆடு கத்துவதுபோல இருக்கிறது என்பார், விழும்போது முழங்காலை முதலில் ஊன்றுகிறான் என்பார். ஒருமுறை ஆஸ்மார் நேராகவே சொல்லிவிட்டாள்.

"அவன் மேல உங்களுக்குப் பொறாமைங்க."

"எனக்கா? அந்த ஒட்டகத்து மேலயா?"

"ஆமா. அவன் கட்டிக்கிட்டவள நெனச்சிப் பொறாமைப்பட்டா நானாவது ரெண்டு சண்ட போட்டிருப்பேன். உசரத்து மேல பொறாமைப்பட்டா நான் என்ன பண்ணுறது? முக்காலி வாங்கித் தரவா?"

கூர்ஜிக்கு நாற்பத்தைந்து ஆகவில்லை. ஒரு கோடைகாலத்தில் குவாரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. அவ்வளவு நீள உடம்புக்கு இதயம் ஈடுகொடுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். சவத்துணி பத்தாமல் இரண்டைச் சேர்த்துத் தைத்தார்கள். பாடையில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நாஹூம் அப்போது மூட்டை தூக்குவதை விட்டிருந்தார். இருந்தாலும் போய் முன்பக்கம் தோள்கொடுத்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பின்ஹாஸ் நடுங்குகிற குரலில் வேதத்துச் சங்கீதப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு கூடவே நடந்தார். மலைச்சரிவில் ஏறும்போது நாஹூம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சந்தை முழுக்க வந்திருந்தது. காய்க்கடைக்காரர்கள், குவாரி ஆட்கள், ஹென்னி டீச்சர், பேர் தெரியாத ஜனம் என்று பாதை திரும்புகிறவரை தலைகள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அவர் மனசு கேட்டது. பாடை தோளில் இருக்கும்போதே கேட்டது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

குழியில் மண் தள்ளும்போது முதல் மண்வெட்டி அவருடையது. தள்ளிவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "மறக்கலடா" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

துக்க நாட்கள் முடிந்தபிறகு நாஸே ஒரு வண்டியில் கட்டில் ஒன்றை அனுப்பினாள். கூர்ஜி தச்சரிடம் சொல்லித் தனக்கென்று செய்து வாங்கிய வால்நட் மரக் கட்டில். நாஸே அம்மா வீட்டோடு போகிறாள், அங்கே அது நுழையாது. வண்டிக்காரனிடம் அவள் சொல்லியனுப்பியது இது: "நாஹூம் மாமாவத் தவிர இத யாரும் உபயோகிக்க முடியாது."

"திருப்பி அனுப்பு" என்றார் நாஹூம்.

"எதுக்கு? கல்யாணமான நாள்லேர்ந்து முழங்கால மடக்கிட்டு, எறா மாதிரி சுருண்டுதான் படுக்கிறீங்க. எனக்கு உதை வாங்கி வாங்கி இடுப்பே போச்சு" என்றாள் ஆஸ்மார். வண்டிக்காரனைப் பார்த்து, "நீ உள்ள கொண்டாப்பா" என்றாள்.

மூன்று நாள் அவர் அதன் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மதியம், திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிய யாப்ராக்கை வயிறு நிறையத் தின்றுவிட்டு, ஆஸ்மார் பக்கத்து வீட்டில் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, ஓரமாக உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பிறகு ஒரு காலை நீட்டினார், பயந்து பயந்து, எதிலாவது இடிக்கும் என்று. இடிக்கவில்லை. மறுகாலையும் நீட்டினார்.

ஆஸ்மார் திரும்பி வந்தபோது அவர் மல்லாந்து, குச்சிபோல நேராகக் கிடந்தார். கண் மூடியிருந்தது. தூக்கமில்லை. அவருடைய குதிகாலுக்குக் கீழே கட்டிலில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

"நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு." கால்விரல்களை ஆட்டிப் பார்த்தார். "பாழாப்போனவன், எவ்ளோ நீளம் பாரு."

ஆஸ்மார் கால்மாட்டில் மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தாள். மூலையில் மடித்துக் கிடந்த குளிர்காலக் கம்பளிகளை எடுத்துவந்து, அவர் காலில் படாமல் அங்கே அடுக்கி வைத்தாள்.